இர்விங் கில்: கூட்டுகிறவரின் பக்கம் நின்று வீடு கட்டியவர்

கேள்வி இது: "கலிபோர்னியாவின் இர்விங் கில் 1910-ஐ ஒட்டியே அலங்காரமில்லாத வெள்ளை காங்கிரீட் வீடுகளைக் கட்டிவிட்டார் என்று படித்தேன். ஐரோப்பிய நவீனத்துவத்துக்கு அவர்தான் முன்னோடி என்கிறார்களே, உண்மையா? அப்படியானால் ஃபிராங்க் லாயிட் ரைட் பெயர் தெரிந்தவர்களுக்குக்கூட இவர் பெயர் ஏன் தெரியவில்லை? அவர் கட்டியதில் இன்று எதைப் பார்க்கலாம்?"

முன்னோடி என்ற பட்டத்தைக் கொஞ்ச நேரம் தள்ளி வைத்துவிடலாம். அந்தப் பட்டம் அவருக்கு நல்லதைவிடக் கெடுதல்தான் அதிகம் செய்திருக்கிறது. "ஐரோப்பாவில் பின்னால் வரப்போவதை முன்பே ஊகித்தவர்" என்று எழுதினால், அவருடைய வீடுகள் வேறு யாருடைய வீடுகளுக்கோ ஒத்திகை என்று ஆகிவிடுகிறது. கில்லின் மொட்டைச் சுவர்களுக்குப் பின்னால் இருந்த கவலைகள் ரொம்பச் சாதாரணமானவை. இந்த வீட்டை யார் கூட்டிப் பெருக்குவார்கள், எவ்வளவு செலவாகும், தீப்பிடித்தால் என்ன ஆகும், கட்டும்போது எத்தனை வேலையைக் குறைக்கலாம். தோற்றம் அதிலிருந்து வந்தது. பிற்பாடு அவர் தொழில் படுத்ததும் அழகுச் சண்டையால் மட்டுமில்லை, கூலிக் கணக்காலும் சந்தைக் கணக்காலும்தான்.

கில் 1870-ல் நியூயார்க் மாநிலத்தில் சிராக்யூஸ் பக்கம் டல்லி என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா தச்சு, கட்டட வேலை தெரிந்தவர். கில் எந்தக் கல்லூரியிலும் கட்டடக் கலை படிக்கவில்லை. சிராக்யூஸில் ஒரு அலுவலகத்தில் வேலை பழகிவிட்டு 1890-ல் சிகாகோ போனார். முதலில் ஜோசப் லைமன் சில்ஸ்பீ என்ற கட்டடக் கலைஞரிடம், அடுத்து லூயி சல்லிவன் பங்காளியாக இருந்த ஆட்லர் அண்ட் சல்லிவன் அலுவலகத்தில். ரைட்டும் இதே இரண்டு அலுவலகங்கள் வழியாக வந்தவர்தான். கில் சேர்ந்த சமயத்தில் ரைட் அங்கே தலைமை வரைவாளர்.

சல்லிவன் அலுவலகத்தில் கில் இருந்தது சுமார் இரண்டு வருஷம். 1893 சிகாகோ உலகக் கண்காட்சிக்கான போக்குவரத்துக் கட்டட வேலை அப்போது அங்கே நடந்துகொண்டிருந்தது, அதில் கில்லும் கை கொடுத்தார். அந்தக் கட்டடத்துக்கு வண்ணமயமான முகப்பு, பொன்வாசல் என்று பேர் வாங்கிய நுழைவு. அலங்காரத்தின் உச்சம் அது. ஆனால் அதே சல்லிவன்தான் 1892-ல் ஒரு கட்டுரையில், சில வருஷங்களுக்கு நாம் அலங்காரத்தையே விட்டுவிட்டு, வெறும் வடிவத்தில் நன்றாக இருக்கும் கட்டடங்களைக் கட்டிப் பார்த்தால் நமக்கு நல்லது என்று எழுதினார். எழுதியவர் கடைசிவரை அலங்காரத்தை விடவில்லை. அலுவலகத்தில் இருந்த இளைஞர் ஒருவர் அதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டார்.

1893-ல் உடம்பு சரியில்லாமல் போய், வெயில் தேடி சான் டியேகோவுக்கு வந்து சேர்ந்தார் கில். அன்றைய சான் டியேகோ பெரிய நகரம் இல்லை. 1880-களில் நிலம் வாங்கி விற்கும் பித்து பிடித்து ஊரே வீங்கி, 1888-ல் அது உடைந்து பாதிப் பேர் ஓடிப்போன இடம். 1890 கணக்கெடுப்பில் 16,159 பேர். 1910-ல் அது 39,578 ஆகிறது. கில்லின் தொழிலும் இந்த இருபது வருஷத்தில்தான் ஊரோடு சேர்ந்து ஏறியது. எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் அளவுள்ள ஊர், வேலை கொடுக்கக்கூடிய பணக்காரர்கள் கொஞ்சம் பேர், அவர்களுக்குக் கிழக்குக் கரையில் பார்த்த மாதிரி வீடு வேண்டும். ஆரம்பத்தில் அவரும் அதைத்தான் கட்டினார்.

வில்லியம் ஹெப்பர்டோடு கூட்டாக 1907 வரை நடத்திய அலுவலகத்தின் வேலைகளைப் பார்த்தால் பின்னால் வந்த கில் கண்ணில் படுவது கஷ்டம். அதில் நல்லது, பல்பொருள் கடை வைத்திருந்த ஜார்ஜ் மார்ஸ்டனுக்காக 1905-ல் கட்டிய வீடு. முதலில் மரச்சட்டம் தெரியும் ஆங்கில டியூடர் பாணியில்தான் போட்டிருந்தார்கள். கட்டக் கட்ட அலங்காரம் கழன்று, கீழ்த்தளம் செங்கல், மேல்தளம் வெறும் பூச்சு என்று அடங்கியது. உள்ளே போனால் மாற்றம் இன்னும் தெளிவு. மரவேலையில் செதுக்கல் இல்லை, மரத்தின் ரேகைதான் அழகு.

இந்தக் கட்டத்தில் ஹேஸல் வாட்டர்மன் என்ற பெண்மணியைச் சொல்லாமல் விடக்கூடாது. 1900-ல் இந்தப் பெண்மணியின் குடும்பத்துக்குக் கில் ஒரு கருங்கல் வீடு கட்டிக் கொடுத்தார். வீட்டுக்காரியாக வரைபடத்தில் அவர் காட்டிய அக்கறையைப் பார்த்து, நீங்களே இந்தத் தொழிலுக்கு வரலாம் என்றார். மூன்று வருஷத்தில் கணவர் இறந்து, பிழைப்புக்கு வழி தேட வேண்டி வந்தபோது, வரைகலை கற்று கில்லின் அலுவலகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார் வாட்டர்மன். பின்னால் தனியாகத் தொழில் நடத்தி, சான் டியேகோ பழைய நகரத்தில் இருக்கும் எஸ்துதில்யோ மண்வீட்டைப் புதுப்பித்தது அவர்தான். கில்லின் வாடிக்கையாளர்களில் பெண்கள் நிறைய. ஆலிஸ் லீ, கேத்தரின் டீட்ஸ் என்ற இரண்டு தோழிகள் அவரைக் கொண்டு பல சிறு வீடுகளைக் கட்டினார்கள். அவர் கட்டடங்கள் பலவற்றைச் சுற்றிச் செடி வைத்தவர் தோட்டக்கலை வல்லுநர் கேட் செஷன்ஸ். வீட்டைத் தினமும் நடத்துகிறவர்களின் பேச்சு கில்லின் காதில் விழுந்தது என்பதற்கு அவருடைய அறைகளே சாட்சி.

1907-தான் திருப்பம். ஹெப்பர்டை விட்டுப் பிரிந்து, ஃபிராங்க் மீடோடு சில மாதங்கள் மட்டும் கூட்டு. மீட் வட ஆப்பிரிக்கப் பக்கம் சுற்றி வந்தவர், அங்கே மண்சுவர் வீடுகளைப் பார்த்தவர். கலிபோர்னியாவின் பழைய ஸ்பானிய மிஷன்களின், அதாவது பாதிரிமார் மடங்களின், தடித்த சுவரும் வளைவும் கில் கண்முன்னாலேயே இருந்தன. அந்தச் சில மாதங்களில் வந்த நாலைந்து வீடுகளில் கூரையின் முன்நீட்டல் போய்விட்டது, சுவர் நேராக ஏறி வானத்தில் முடிகிறது. அதே வருஷம் லாஸ் ஏஞ்சலஸில் ஹோமர் லாஃப்லினுக்காகக் கம்பி காங்கிரீட் வீடு ஒன்றையும் தொடங்கினார். இதற்குப் பிறகு கில் திரும்பிப் பார்க்கவே இல்லை. (விதிவிலக்கு ஒன்று உண்டு. சான் டியேகோவின் நடுச்சதுக்கத்தில் 1910-ல் திறந்த நீரூற்று. தூண், குவிமாடம், வண்ண மின்விளக்கு என்று ஏகப்பட்ட சோடனை. பழைய கிரேக்க நினைவுச் சின்னம் ஒன்றைப் பார்த்துச் செய்தது. வரைந்தவர் கில்தான் என்று சொன்னால் நம்ப மாட்டார்கள்.)

இனி அந்த வீடுகளுக்குள்ளே போவோம். கில்லின் சரக்கு அங்கேதான் இருக்கிறது.

கட்டட வேலையில் இருப்பவர்களுக்கு ஒன்று தெரியும். வேலை சரியாக முடியாத இடங்களை மூடுவதற்குத்தான் பாதி அலங்காரம் வருகிறது. சுவரும் தரையும் சேரும் மூலை கோணலாக இருந்தால் ஸ்கர்டிங் போட்டு மறைப்பார்கள். நிலைக்கும் பூச்சுக்கும் நடுவே இடைவெளி இருந்தால் மேலே ஒரு மரப்பட்டி அடிப்பார்கள். கில் இந்தப் பட்டிகள் அத்தனையையும் எடுத்துவிட்டார். தரை சுவரோடு சேரும் இடத்தை மெல்ல வளைத்து ஒரே பூச்சாக மேலே ஏற்றினார். மூலை என்று ஒன்று இல்லாததால் விளக்குமாறு போகாத இடமும் இல்லை. ஜன்னலைச் சுற்றிச் சட்டம் கிடையாது, பூச்சு நேரே ஜன்னல் பிரேமில் போய் முட்டும். கதவில் பேனல் கிடையாது, ஒரே மட்டமான மகோகனிப் பலகை. பேனலின் பள்ளத்தில் அழுக்கு சேரும் என்பது அவர் வாதம். மட்டமான கதவு இன்று எல்லா வீட்டிலும் இருக்கிறது. அன்று அது யாரும் கேட்காத பொருள்.

தரைக்குக் காங்கிரீட், அல்லது மாக்னசைட் என்ற இழைத்த கலவை. காங்கிரீட் தரை அழகாக இருக்காது என்ற புகாருக்கு, அதில் பழுப்பு, மங்கல் மஞ்சள் நிறங்களைக் கலந்து மெழுகு போட்டுத் தேய்த்துப் பழைய தோல் மாதிரி மினுங்க வைத்தார். குளியல் தொட்டி கால் வைத்து நிற்காது. சுற்றிலும் அடைத்துவிடுவார், அடியில் தூசியும் பூச்சியும் தங்காது. குப்பையை அடுக்களையிலிருந்தே கீழே தள்ளிவிட ஒரு குழாய், அது நேரே நிலவறையில் எரிகலனுக்குப் போகும். சில வீடுகளில் அறைக்கு அறை சுவரில் தூசி உறிஞ்சும் குழாயின் வாய் இருக்கும். ஐஸ் பெட்டிக்குள் ஐஸ்காரர் வெளியிலிருந்தே கட்டியை வைத்துவிட்டுப் போக வழி. தபாலும் அப்படியே சுவர் வழியாக உள்ளே விழும். இதையெல்லாம் பணக்காரர்களின் பொம்மை என்று நினைக்க வேண்டாம். வீட்டு வேலைக்கு ஆள் வைக்க முடியாத குடும்பத்துக்கு இது எவ்வளவு மணி நேரம் மிச்சம் பிடிக்கும் என்பதே அவர் கணக்கு.

சுவர் வெள்ளை என்கிறோம், அதுவும் சும்மா சுண்ணாம்பு வெள்ளை இல்லை. வெள்ளையில் அடிப்படை நிறங்களைத் துளித் துளியாகச் சேர்த்தார், தோட்டத்துப் பச்சையும் சாயங்கால வெளிச்சமும் சுவரில் ஏறி இறங்கும்படி. கறுப்பு வெள்ளைப் புகைப்படங்களில் இந்த வீடுகள் ஆஸ்பத்திரி போலத் தெரிவதற்குக் காரணம் புகைப்படந்தான். 1916-ல் ஒரு பத்திரிகையில் தன் கொள்கையை எழுதினார் கில். நேர்கோடு, வளைவு, சதுரம், வட்டம், இந்த நான்கும் கட்டடக் கலையின் வேர் என்றார். நேர்கோட்டை அடிவானத்திலிருந்தும் வளைவை வானக் கவிப்பிலிருந்தும் எடுத்தோம் என்றார். வீட்டை ஒரு பாறையைப் போல எளிமையாக, உறுதியாகக் கட்டிவிட்டு அலங்காரத்தை இயற்கையிடம் விட்டுவிடுங்கள், கொடியும் பூவின் நிழலும் பார்த்துக்கொள்ளும் என்பது அதன் சாரம். அலங்காரம் வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கூலி கொடுத்து வாங்க வேண்டாம் என்றார். அதனால்தான் அவர் வீட்டைச் செடிகொடி இல்லாமல் பார்த்தால் பாதி வீட்டைத்தான் பார்க்கிறோம்.

அடுத்தது அவர் பணத்தை விழுங்கிய விஷயம், டில்ட்-அப் முறை.

காங்கிரீட் சுவர் எழுப்ப வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் சென்ட்ரிங் அடித்து நடுவே ஊற்ற வேண்டும். பலகைச் செலவு, தச்சர் கூலி, பிரித்த பிறகு இரண்டு பக்கமும் பூச்சு. ராபர்ட் ஏய்கன் என்பவர் இதைச் சுற்றிப் போக ஒரு வழி கண்டு காப்புரிமை வாங்கியிருந்தார். சுவரை நிற்க வைத்து வார்க்காதே, படுக்க வைத்து வார்த்துத் தூக்கி நிறுத்து. சற்றே சாய்ந்த பெரிய மேடை, அதுவே அடிப்பலகை. அதன் மேல் உள்ளீடற்ற ஓட்டுக் கட்டிகளை அடுக்கி, நடுவே கம்பி ஓட்டி, கதவு ஜன்னலுக்கான உலோகச் சட்டங்களை அந்தந்த இடத்தில் வைத்து, மேலே காங்கிரீட் ஊற்றி இழைத்துவிடுவது. இறுகியதும் சிறிய எந்திரத்தால் மேடையோடு சேர்த்து மெதுவாக நிமிர்த்தினால் ஜன்னல் ஓட்டை உள்பட முழுச் சுவர் எழுந்து நிற்கும். இழைப்பு வேலை தரையில் இருக்கும்போதே முடிந்திருக்கும்.

கில் இந்தக் காப்புரிமையையும் கருவிகளையும் விலைக்கு வாங்கி, 1912-13 வாக்கில் தனியாக ஒரு காங்கிரீட் கட்டட நிறுவனமே தொடங்கினார். லாஸ் ஏஞ்சலஸில் மேரி பேனிங் வீட்டில் சோதித்துப் பார்த்தார். அதன் முழு வீச்சு சான் டியேகோவின் கடலோரப் பகுதியான லா ஹோயாவில் இருக்கும் பெண்கள் மன்றத்தில்தான் தெரிகிறது, 1914-ல் முடிந்த கட்டடம். வளைவு வளைவாகப் போகும் அதன் தாழ்வாரச் சுவர்கள் தரையில் வார்த்துத் தூக்கி நிறுத்தியவை. முன்னால் நின்று பார்த்தால் இது தெரியாது. வளைவின் விளிம்பைக் கவனியுங்கள், கல் வைத்த அடையாளமோ முகப்புப் பட்டியோ எதுவும் இல்லாமல் காகிதத்தை வெட்டினது மாதிரி சுத்தமாக இருக்கும். ஒரே வார்ப்பு என்பதால் வந்த சுத்தம் அது. அமெரிக்காவில் இன்று கிடங்குகளும் பெரிய கடைகளும் இதே தத்துவத்தில்தான் எழுகின்றன. ஆனால் கில் வாங்கிய கருவி பெரியது, கனமானது. நிறையச் சுவர்களைத் திரும்பத் திரும்ப வார்த்தால்தான் போட்ட முதல் திரும்பும். ஆண்டுக்கு இரண்டு மூன்று தனி வீடுகளை வைத்துக்கொண்டு அது கட்டுப்படியாகாது. நிறுவனம் நட்டத்தில் முடிந்தது. கில்லின் கதையில் யாராவது ஒரு வில்லன் வேண்டும் என்று தேடுகிறவர்கள் இந்தக் கணக்குப் புத்தகத்தைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

அவரைத் தாங்கிப் பிடித்தவர் என்றால் எல்லன் பிரவுனிங் ஸ்கிரிப்ஸ். பத்திரிகைக் குடும்பத்துப் பணம், திருமணம் செய்துகொள்ளாதவர், பணத்தைப் பெரும்பாலும் ஊருக்கே கொடுத்தவர். கில் லா ஹோயாவில் கட்டிய பொதுக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. பிஷப்ஸ் பள்ளி, பெண்கள் மன்றம், எதிரே சமூகக் கூடமும் குழந்தைகள் விளையாட்டிடமும், சற்று வடக்கே கடலோரத்தில் கடலுயிரியல் ஆய்வுக்கூடம். 1915-ல் ஸ்கிரிப்ஸ் அம்மையாரின் மரவீட்டுக்கு ஒருவர் தீ வைத்துவிட்டார். எண்பதைத் தொட இருந்த அவர் அதே இடத்தில் கில்லைக் கொண்டு தீப்பிடிக்காத காங்கிரீட் வீடு கட்டிக்கொண்டார்.

அந்தக் கடலுயிரியல் கூடத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசை. 1910-ல் முடிந்த இரண்டு மாடிப் பெட்டி, வெளியிலிருந்து பார்த்தால் சொல்ல ஒன்றுமில்லை. கம்பி காங்கிரீட்டில் கட்டியது, குறைந்த செலவு, எதிரே பசிபிக் கடல். கீழே ஆய்வகங்கள். இயக்குநர் வில்லியம் ரிட்டர் கொஞ்ச காலம் குடும்பத்தோடு மாடியில் குடியிருந்தார். நடுவே ஓடும் நடைவழிக்கு இரண்டு பக்கமும் அறைகள் என்பதால் அது இருட்டாக இருந்திருக்க வேண்டும். கில் கூரையில் கண்ணாடித் திறப்பு வைத்து, அதற்கு நேர் கீழே மாடி நடைவழியின் தரையிலும் கண்ணாடி பதித்தார். வெளிச்சம் கூரையில் நுழைந்து மாடித் தரையையும் கடந்து கீழ்த்தளத்துக்கு வருகிறது. ஒரு விளக்குச் செலவும் இல்லை. 1970-களில் இதை இடித்துவிடத்தான் இருந்தார்கள். எதிர்ப்பு எழுந்து காப்பாற்றப்பட்டு, 1982-ல் தேசிய வரலாற்றுச் சின்னமானது. முகப்பை மட்டும் பார்த்து ஒரு கட்டடத்தை எடை போடுகிறவர்களுக்கு இதைக் காட்ட வேண்டும்.

ஏழைகளுக்கும் தொழிலாளர்களுக்கும் வீடு என்பது கில்லுக்குப் பொழுதுபோக்கு இல்லை. சியரா மாட்ரேயில் 1910-ல் ஒரு வாடகைக் குடியிருப்பு கட்டினார். மனையின் ஓரங்களில் வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுத் தோட்டம், ஒவ்வொரு வீட்டுக்கும் தனியாக ஒரு துண்டு முற்றம். குறைந்த வாடகைக்காரர்களுக்கென்று நினைத்துக் கட்டியது. முடிந்ததும் நன்றாக இருப்பதைப் பார்த்த உரிமையாளர் வாடகையை ஏற்றிவிட்டார் என்று கட்டடக் கலை பற்றி எழுதிய எஸ்தர் மெக்காய் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

பெரிய அடி டாரன்ஸில் விழுந்தது. லாஸ் ஏஞ்சலஸுக்குத் தெற்கே புதிதாக ஒரு தொழில் நகரம், ஓல்ம்ஸ்டெட் சகோதரர்கள் போட்ட திட்டம், தலைமைக் கட்டடக் கலைஞராக 1912 வாக்கில் கில். டில்ட்-அப் கருவிக்குத் தேவையான அளவு வேலை அங்கே கிடைத்திருக்க வேண்டும். ரயில் நிலையமும் வளைவுகள் கொண்ட ரயில் பாலமும் எழுந்தன, இரண்டும் இன்றும் நிற்கின்றன. தொழிலாளர் வீடுகள் மட்டும் சொற்பமாகவே எழும்பின. தங்கள் சம்பாத்தியத்தில் வாங்கும் வீடு வீடு மாதிரி இருக்க வேண்டாமா என்று கேட்டவர்களுக்கு இந்த மொட்டைப் பெட்டி பிடிக்கவில்லை. தச்சர்களுக்கும் இதில் இழைக்கவோ செதுக்கவோ ஒன்றும் மிச்சமில்லை. வேலையைக் குறைப்பது கில்லின் லட்சியம், வேலை இருந்தால்தான் கூலி என்பது அவர்கள் நிலைமை. இதில் அவர்களை ரசனை இல்லாதவர்கள் என்று திட்டும் எழுத்துகளை நான் ஏற்பதில்லை. தனக்கு நல்லது எது என்று தன்னைக் கேட்காமல் ஒருவர் முடிவு செய்துவிட்டால் யாருக்குத்தான் பிடிக்கும்?

சொந்த ஊரிலும் அதே சமயத்தில்தான் காற்று திரும்பியது. 1915-ல் சான் டியேகோவில் பனாமா–கலிபோர்னியா கண்காட்சி. ஊரின் முதல் கட்டடக் கலைஞர் என்ற முறையில் கில்லுக்கு அது வரும் என்றுதான் எதிர்பார்ப்பு. நியூயார்க்கிலிருந்து பெர்ட்ரம் குட்ஹ்யூ வந்து தலைமை ஏற்றார். கில் கொஞ்ச நாள் துணைக்கு இருந்துவிட்டு விலகினார். குட்ஹ்யூ கட்டியது ஸ்பானிய பரோக், அதுவும் முகப்பெங்கும் கல்லும் சுண்ணமும் நுரைத்து வழியும் வகை. கண்காட்சிக்கு வந்தவர்கள் மயங்கிப் போனார்கள். அடுத்த பதினைந்து வருஷம் தென் கலிபோர்னியாவில் வங்கி, பள்ளி, பெட்ரோல் பங்க் எதுவானாலும் சிவப்பு ஓடும் இரும்புக் கிராதியும்தான். கில்லிடம் தொழில் பழகிய ரிச்சர்ட் ரெக்வாவே அந்தப் பாணியின் முக்கிய ஆளாகி, 1935-ல் அதே பூங்காவில் நடந்த அடுத்த கண்காட்சிக்குத் தலைமை ஏற்றார். மிஷன் சுவரிலிருந்து கில் எடுத்துக்கொண்டது அதன் தடிப்பையும் வெறுமையையும். ஊர் எடுத்துக்கொண்டது அதன் நினைவை.

ஆனாலும் அவருடைய ஆகச் சிறந்த வீடு இந்தச் சரிவின் நடுவில்தான் வந்தது. கால் வலிக்கு 'டிஸ்' என்ற மருந்து விற்றுப் பணக்காரரான வால்டர் டாட்ஜுக்காக, இன்றைய மேற்கு ஹாலிவுட்டில் கிங்ஸ் ரோட்டில் 1914 முதல் 1916 வரை கட்டியது. கில் பத்து வருஷமாகப் பழகிய எல்லாம் அதில் ஒன்றாகச் சேர்ந்தது. கார் கொட்டகையில் காரைக் கழுவ ஒரு அமைப்புகூட வைத்திருந்தார். படியேறும் கூடத்தில் மகோகனிப் பலகைகள் மட்டமாக, இடையில் ஒரு பட்டிகூட இல்லாமல் சுவராகவே நிற்கும்.

இதே தெருவில்தான் 1922-ல் ருடால்ஃப் ஷிண்ட்லர் என்ற கட்டடக் கலைஞர் தன் வீட்டைக் கட்டினார், காங்கிரீட் பலகைகளைத் தரையில் வார்த்துத் தூக்கி நிறுத்தி. கூடக் கட்டிய க்ளைட் சேஸ் கில்லிடம் வேலை பார்த்தவர். ஷிண்ட்லர் வியன்னாக்காரர், அலங்காரத்தை எதிர்த்த அங்கத்திய கட்டடக் கலைஞர் அடால்ஃப் லோஸின் பேச்சைக் கேட்டு வளர்ந்தவர். இங்கேதான் உங்கள் முதல் கேள்விக்குப் பதில். லோஸும் கில்லும் 1870-ல் பிறந்தவர்கள். லோஸ் 1893 முதல் மூன்று வருஷம் அமெரிக்காவில் இருந்தார். 1910-ல் வியன்னாவில் அவர் கட்டிய ஸ்டைனர் வீட்டின் பின்புறத்தையும் கில்லின் வீடுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது எழுத்தாளர்களின் வழக்கம். ஒற்றுமை கண்ணுக்குத் தெரிவது உண்மை. ஒருவர் மற்றவரைப் பார்த்துச் செய்ததாக எந்தச் சான்றும் இல்லை. லோஸ் ஒரு நகரத்தின் நாகரிகத்தோடு சண்டை போட்டார். கில்லுக்கு அப்படிச் சண்டை எதுவும் இல்லை, மாட்டு மந்தையும் புதர்க்காடும் கடந்து வந்த புது ஊரில் அவருக்கு எதிரி தூசியும் தீயும் செலவும்தான். கலிபோர்னியா நவீன வீட்டுக்கு அவர் நேரடியாகக் கொடுத்தது என்று கேட்டால், கிங்ஸ் ரோட்டில் ஒரு வேலைமுறை ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போனதைக் காட்டலாம். ஐரோப்பாவுக்குக் கொடுத்தார் என்பதற்கு ஆதாரம் கிடையாது.

முதல் உலகப் போருக்குப் பிறகு வேலை சொற்பம். சாண்டா மோனிகாவில் ஹொரேஷியோ வெஸ்ட் கோர்ட் என்ற சிறு குடியிருப்பு 1919-21, கரனாடோவில் ஒரு தேவாலயம், ஓஷன்சைடு என்ற சிற்றூரில் தீயணைப்பு நிலையம், பள்ளி, 1934-ல் நகர மன்றம். 1928-ல், ஐம்பத்தெட்டு வயதில், திருமணம். கார்ல்ஸ்பாடில் மனைவிக்கு இருந்த அவகாடோ தோப்புக்குக் குடிபோனார். 1932-33-ல், சான் டியேகோ நகரத்துக்கான நீர்த்தேக்கத்துக்காகக் குடிபெயர்க்கப்பட்ட பழங்குடியினருக்கு பரோனாவில் வீடுகளும் ஒரு தேவாலயமும் வரைந்து, அந்த இடத்திலேயே தங்கி மேற்பார்த்தார். கட்டியவர்கள் குடியிருக்கப்போகிறவர்களே. அறுபதைத் தாண்டிய மனிதர், பெயர் மங்கிய நேரம். 1936 அக்டோபரில் கார்ல்ஸ்பாடில் இறந்தார்.

அதன் பிறகு இடிப்புக் காலம். மொட்டைச் சுவரை இடிக்க யாருக்கும் மனம் கூசுவதில்லை. தூண், சிற்பம் இருந்தால் "பழைய கட்டடம்" என்று நாலு பேர் நிற்பார்கள். வெள்ளைப் பெட்டிக்கு அந்த யோகம் இல்லை. 1960-ல் எஸ்தர் மெக்காய் ஐந்து கலிபோர்னியக் கட்டடக் கலைஞர்களைப் பற்றி எழுதிய நூலில் கில்லை மறுபடி மேடையேற்றினார். டாட்ஜ் வீட்டைக் காப்பாற்ற 1965-ல் ஒரு குறும்படமும் எடுத்தார். வீடு பள்ளி வாரியத்தின் கையில் இருந்து, விற்கப்பட்டு, 1970 பிப்ரவரியில் இடிக்கப்பட்டது. அங்கே அடுக்குமாடி வந்தது. ரைட் அளவுக்குக் கில் தெரியாமல் போனதற்கு இதுவும் ஒரு காரணம். ரைட் தன்னைப் பற்றி ஓயாமல் எழுதினார், அறுபது வருஷத்துக்கு மேல் கட்டினார். கில் கொஞ்சம்தான் எழுதினார், அவருடைய சிறந்த காலம் மொத்தமே பத்து வருஷம், அதன் உச்சமான வீடு இன்று இல்லை.

இனி என்ன பார்க்கலாம் என்பது. ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் லா ஹோயாவுக்குப் போங்கள். பிராஸ்பெக்ட் தெருவைச் சுற்றி நடக்கும் தூரத்தில் பெண்கள் மன்றம், சமூகக் கூடம், பிஷப்ஸ் பள்ளி, ஸ்கிரிப்ஸ் அம்மையாரின் வீடு எல்லாம் வந்துவிடும். அந்த வீடு 1941-லிருந்து கலை மையம், இப்போது தற்காலக் கலை அருங்காட்சியகம். நடுவில் சேர்த்த கட்டடங்கள் கில்லின் முகப்பை முழுதாக விழுங்கியிருந்தன. 1996-ல் கட்டடக் கலைஞர்கள் ராபர்ட் வெஞ்சூரியும் டெனிஸ் ஸ்காட் பிரவுனும் அதைத் திரும்ப வெளியே எடுத்தார்கள். 2022-ல் முடிந்த விரிவாக்கத்தில் அவர்கள் முன்னால் வைத்த தூண்களும் போய்விட்டன. காரில் சற்று வடக்கே போனால் கடலுயிரியல் கூடம். சான் டியேகோ நகருக்குள் மார்ஸ்டன் வீட்டை அருங்காட்சியகமாக உள்ளே போய்ப் பார்க்கலாம். அதைக் காலையில் முதலில் பார்த்துவிட்டு லா ஹோயா போனால் பத்து வருஷத்தில் என்னவெல்லாம் கழன்றது என்பது தானே தெரியும். ஓஷன்சைடு வழியாகப் போகிறவர்கள் பழைய நகர மன்றத்தைத் தேடலாம், இன்று அது அங்கே உள்ள கலை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் டாரன்ஸ் பாலம், ஹொரேஷியோ வெஸ்ட் கோர்ட், தெற்கு பாசடீனாவில் 1911-ல் கட்டிய மில்டிமோர் வீடு. கடைசி இரண்டிலும் ஆட்கள் குடியிருக்கிறார்கள், தெருவில் நின்று பார்ப்பதோடு சரி. வரைபடங்களையே பார்க்க வேண்டுமென்றால் சாண்டா பார்பராவில் இருக்கும் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் கலை, கட்டடக் கலை அருங்காட்சியகத்தில் அவருடைய ஆவணங்கள் இருக்கின்றன.